பல் போனாலும் சொல் போக வேண்டாம்

(முன்னாள் மாணவர் சங்க ஆண்டுக் கூட்டத்தில், 1976-77 புகுமுக வகுப்பு மாணவரும் பல் மருத்துவருமான நண்பர் ஒருவர் ஆற்றிய உரை.)



இந்தக் கல்லூரியில் நான் படித்தது ஒரே ஒரு வருடம்தான். பி.யூ.சி. முடித்ததும் பல் மருத்துவம் படிக்கப் போய்விட்டேன். "ஒரு வருஷம் படிச்சவனுக்கெல்லாம் மேடையா?" என்று செயலாளரிடம் கேட்டேன். "நம்ம செட்டுல பாதிப் பேருக்குப் பல்லு ஆடுது டாக்டர், நீங்கதான் பேசணும்" என்றார். அவர் சொன்னது உண்மை என்று இன்று காலை தெரிந்துகொண்டேன். குரூப் போட்டோ எடுக்கும்போது போட்டோகிராபர் "கொஞ்சம் சிரிங்க சார்" என்றார். எங்கள் வரிசையில் மூன்று பேர் வாயை இறுக மூடிக்கொண்டு சிரித்தார்கள். ஒருவர் கையால் மறைத்துக்கொண்டார். தொழில் புத்தி, கண் அங்கேதான் போகிறது. பெயர் சொல்ல மாட்டேன், பயப்படாதீர்கள்.

அந்த மூன்று பேருக்காகவும், இனிமேல் அந்த வரிசைக்கு வரப்போகிறவர்களுக்காகவும்தான் இந்தப் பேச்சு. விழுந்த பல்லுக்குப் பதில் என்ன வைக்கலாம், எது யாருக்குப் பொருந்தும் என்பதுதான் விஷயம்.

எங்களுக்கு இலக்கணம் நடத்திய தமிழய்யாவை 76, 77-இல் படித்தவர்கள் மறந்திருக்க முடியாது. எழுத்துகளின் பிறப்பைப் பாடம் நடத்தும்போது வகுப்பு முழுவதையும் வாய் திறக்க வைப்பார். "நாக்கு நுனி எங்கே போய்த் தொடுதுன்னு பார்த்துக்கிட்டே 'த' சொல்லுங்க." மேல்பல்லின் அடியில் தொடும். "'வ' சொல்லுங்க." மேல்பல்லும் கீழ் உதடும் சேரும். தொல்காப்பியரும் நன்னூலாரும் இதை அன்றைக்கே எழுதி வைத்திருக்கிறார்கள் என்பார். பல் மருத்துவத்தில் என் முதல் பாடம் அதுதான் என்று நான் இப்போதும் சொல்வதுண்டு.

1993-இல் ஒரு நாள் அய்யா என் கிளினிக்குக்கு வந்தார். கைக்குட்டையை வாயில் வைத்துக்கொண்டே பேசினார். மேல்வரிசையில் முன்பற்கள் நான்கும் இல்லை. ஈறு நோயில் ஒவ்வொன்றாக ஆடி விழுந்திருக்கின்றன. கல்லூரி விழாவுக்குப் பேசக் கூப்பிட்டார்களாம், உடம்பு சரியில்லை என்று சொல்லிவிட்டாராம். "'தமிழ்'னு சொன்னா காத்துதான்ப்பா வருது. இதை வெச்சுக்கிட்டு எங்கே மேடை ஏறுறது?" என்றார். பல் போனால் சொல் போச்சு என்று நாம் பழமொழியாகச் சொல்கிறோம். அவருக்கு அது அப்படியே நடந்திருந்தது.

பல் போன இடத்தில் என்ன நடக்கிறது

ஒரு கடைவாய்ப்பல்லைப் பிடுங்கினால் போனது ஒன்றுதான் என்று நினைக்கிறோம். வாய் அப்படி நினைப்பதில்லை. பக்கத்துப் பல் காலியிடத்தை நோக்கிச் சாயத் தொடங்கும். எதிர்வரிசைப் பல், முட்டுக்கொடுக்க ஆள் இல்லாததால் மெதுவாக இறங்கும், அல்லது ஏறும். சாய்ந்த இடுக்குகளில் உணவு சிக்கும், அங்கே சொத்தை பிறக்கும். பல்லைத் தாங்கியிருந்த எலும்பும் வேலை இல்லாமல் கரையும். அதிகமான கரைவு முதல் ஓராண்டுக்குள்ளேயே நடந்துவிடுகிறது. 'அப்புறம் பார்க்கலாம்' என்று ஐந்து வருடம் கழித்து வருபவருக்கு இடமும் குறைந்திருக்கும், எலும்பும் குறைந்திருக்கும், செலவு மட்டும் கூடியிருக்கும்.

அதற்காக எல்லாக் காலியிடத்தையும் அடைத்தே ஆக வேண்டும் என்றும் இல்லை. ஞானப்பல் போனால் யாரும் திரும்ப வைப்பதில்லை. முன்பற்களும் அவற்றுக்கு அடுத்த சிறு கடைவாய்ப்பற்களும் மேலும் கீழும் நன்றாக இருந்தால், அதாவது 20 பல் இருந்தால், பலருக்கு அதுவே போதும் என்று நெதர்லாந்து நாட்டுப் பேராசிரியர் கேய்சர் 1980-களில் எழுதினார். "டாக்டர், கடைசிப் பல்லு இல்லாம எனக்கு ஒரு கஷ்டமும் இல்லை" என்று 70 வயதுக்காரர் சொன்னால், பரிசோதித்துப் பார்த்துவிட்டு "சரி, அப்படியே இருக்கட்டும்" என்று சொல்வதும் வைத்தியம்தான்.

பிரிட்ஜ்: நான் செய்த தவறு

அய்யா கேட்டது இதைத்தான். "கழற்றி மாட்டுறது வேண்டாம்ப்பா. ஒட்டினாப்ல இருக்கணும். இன்னும் ஒன்றரை மாசத்துல பேத்தி கல்யாணம்."

பிரிட்ஜ் என்றால் பாலமேதான். காலியிடத்துக்கு இரண்டு பக்கமும் உள்ள பற்களைச் சுற்றிலும் செதுக்கி, அவற்றின்மேல் 'கேப்' போட்டு, நடுவில் தொங்கும் பல்லை அவற்றோடு சேர்த்தே செய்து ஒட்டிவிடுவது. மேலே பீங்கான், உள்ளே உலோகம் என்பது அந்தக் காலத்து வழக்கம். இப்போது ஜிர்கோனியா அதிகம். இரண்டு மூன்று முறை வந்தால் வேலை முடிந்தது. கழற்ற வேண்டாம், கடிக்கலாம், பார்க்கவும் சொந்தப் பல் போலவே இருக்கும். நன்றாகப் பராமரித்தால் பத்துப் பதினைந்து ஆண்டுகள் உழைக்கும்.

இதற்கு விலை கொடுப்பது பக்கத்துப் பற்கள். நல்ல பல்லாக இருந்தாலும் செதுக்கித்தான் ஆக வேண்டும். செதுக்கிய பல்லில் பின்னாளில் வேர் சிகிச்சை தேவைப்படலாம். கேப்பின் ஓரத்தில் சொத்தை வந்தால் வெளியே தெரியாது. பாலம் எவ்வளவு நன்றாகக் கட்டினாலும் தூண் ஆடினால் என்ன ஆகும்?

அய்யாவுக்குத் தூண்கள் அந்த இரண்டு கோரைப்பற்கள்தான். ஈறு நோயில் அவற்றின் எலும்பும் இறங்கியிருந்தது எக்ஸ்ரேயில் தெரிந்தது. சர்க்கரையும் கட்டுக்குள் இல்லை. முதலில் ஈறுக்கு வைத்தியம் செய்து, நாலைந்து மாதம் பொறுத்து, அந்தப் பற்கள் சுமை தாங்குமா என்று பார்த்திருக்க வேண்டும். கல்யாணத்துக்குத் தற்காலிகமாகக் கழற்றி மாட்டும் பல் ஒன்று கொடுத்திருக்கலாம். நான் செய்யவில்லை. என் ஆசிரியர் வாய் திறந்து கேட்டுவிட்டார், அவரிடம் 'முடியாது' என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. கோரைப்பல்லிலிருந்து கோரைப்பல் வரை ஆறு பல் பிரிட்ஜ் போட்டேன். கல்யாணப் போட்டோவில் அய்யா பிரமாதமாகச் சிரித்தார்.

மூன்றே வருடம். 1996-இல் பிரிட்ஜ் மொத்தமாக ஆட ஆரம்பித்தது. கழற்றியபோது இரண்டு கோரைப்பற்களும் கூடவே வந்துவிட்டன. நான்கு பல் இல்லாமல் வந்தவர், என் வைத்தியத்துக்குப் பிறகு ஆறு பல் இல்லாமல் உட்கார்ந்திருந்தார். நான் மன்னிப்புக் கேட்டேன். "நீ அவசரப்பட்டே, நான் அவசரப்படுத்தினேன். ரெண்டு பேருக்கும் மார்க் கிடையாது. அடுத்து என்ன, சொல்லு" என்றார்.

நண்பர்களே, அதற்குப் பிறகு நான் எந்த நோயாளிக்கும் ஈறைப் பார்க்காமல் பல்லைப் பற்றிப் பேசுவதில்லை.

கழற்றி மாட்டும் பல்

நம் ஊரில் பல்செட் என்றாலே ஒரு கேவலம். தாத்தா இரவில் டம்ளரில் போட்டு வைக்கிற சாமான் என்று பிள்ளைகள் சிரிக்கும். ஆனால் இன்றைக்கும் பல பேருடைய வாயைக் காப்பாற்றுவது அதுதான். செலவு குறைவு, அறுவை சிகிச்சை இல்லை, பக்கத்துப் பல்லைச் செதுக்க வேண்டியதில்லை. நாளைக்கு இன்னொரு பல் போனால் அதையும் அதிலேயே சேர்த்துக்கொள்ளலாம்.

ரோஸ் நிறத்தில் இருப்பது அக்ரிலிக். 1930-களின் பிற்பகுதியில் வந்தது. அதற்கு முன்பு கெட்டியாக்கிய ரப்பரில் செய்தார்கள். அதற்கும் முன்பு இருந்த நிலைமையை நினைத்தால் நாம் கொடுத்து வைத்தவர்கள். அமெரிக்காவின் முதல் ஜனாதிபதி வாஷிங்டன் மரப்பல் கட்டியிருந்தார் என்று ஒரு கதை உண்டு. மரம் அல்ல. தந்தம், ஈயம், மனிதப் பல் இவையெல்லாம் சேர்த்துச் செய்தவை அவருடைய பல்செட்டுகள். பாவம், அதை மாட்டிக்கொண்டு நாட்டை ஆண்டிருக்கிறார்.

கொஞ்சம் பல் மிச்சமிருப்பவர்களுக்குக் கம்பிக் கொக்கி வைத்த அக்ரிலிக் செட் உண்டு. அதைவிட மெல்லியதாக, உறுதியாக வேண்டுமானால் கோபால்ட்-குரோமியம் உலோகத்தில் வார்த்துச் செய்வது உண்டு. பல்லே இல்லாதவர்களுக்கு முழு செட். குறைகளையும் சொல்லிவிடுகிறேன். சொந்தப் பல்லின் கடிவிசையில் நாலில் ஒரு பங்கு கிடைத்தால் அதிகம். முறுக்கும் கரும்பும் அதனிடம் எதிர்பார்க்கக் கூடாது. கீழ்த்தாடைச் செட் நாக்கு அசைய அசையத் தூக்கும். எலும்பு கரையக் கரைய லூஸாகும், சில வருடங்களுக்கு ஒரு முறை உள்பக்கம் நிரப்பவோ புதிதாகச் செய்யவோ வேண்டியிருக்கும்.

அய்யாவுக்கு ஆறு பல்லுக்கான செட் செய்தோம். அளவு எடுத்து, மாவுக்கல் மாதிரி வார்த்து, மெழுகில் பல்லை அடுக்கி, வாயில் வைத்துப் பார்க்கும் நாள் ஒன்று உண்டு. அன்றைக்குப் பேசச் சொல்லித்தான் பல் சரியான இடத்தில் இருக்கிறதா என்று பார்ப்போம். அய்யா கண்ணாடி முன் உட்கார்ந்து "வ, வா, வி" என்றார். "இடிக்குதுப்பா. மேல்பல்லு கீழுதட்டைத் தொடணும். குத்தக் கூடாது" என்றார். பல்லைக் கொஞ்சம் உள்ளே தள்ளினேன். "இப்ப 'த' சொல்றேன், கேளு." நாலு முறை மாற்றினேன். மாணவன் பாடம் ஒப்பிக்க, வாத்தியார் திருத்துகிறார், வாய் மட்டும் அவருடையது.

செட் கொடுத்த அன்று பேச்சு குழறத்தான் செய்தது. யாருக்கும் அப்படித்தான். நாக்குக்குப் புது வீடு பழக மூன்று நான்கு வாரம் வேண்டும். அய்யா தினமும் காலையில் அரைமணி நேரம் நன்னூல் எழுத்ததிகாரத்தைச் சத்தம் போட்டுப் படித்தார். 1997 ஆண்டு விழாவில் இதே மேடையில் முக்கால் மணி நேரம் பேசினார். கைக்குட்டை சட்டைப் பையிலேயே இருந்தது. நான் பின்வரிசையில் உட்கார்ந்து அவர் சொன்ன ஒவ்வொரு 'த'வையும் எண்ணிக்கொண்டிருந்தேன்.

பல்செட் கட்டியவர்களுக்கு மூன்று வார்த்தை. இரவில் கழற்றிவிடுங்கள், ஈறு மூச்சு விடட்டும். தண்ணீரில் போட்டு வையுங்கள், கொதிக்கும் தண்ணீர் ஊற்றினால் வளைந்துவிடும். செட்டை மென்மையான பிரஷ்ஷும் சோப்பும் போட்டுக் கழுவுங்கள், பற்பசை அதைக் கீறும். இராப்பகலாகப் போட்டிருப்பவர்களுக்கு அண்ணத்தில் பூஞ்சைப் புண் வருவதை வாராவாரம் பார்க்கிறேன்.

இன்னொரு எச்சரிக்கை. 'ஒரே மணி நேரத்தில் பிக்ஸ் பண்ணித் தர்றேன்' என்று படிக்காத ஆட்கள் அக்ரிலிக் பசையைப் பக்கத்துப் பல்லோடு சேர்த்துப் பூசிவிடுவார்கள். கழற்றவும் முடியாது, சுத்தம் செய்யவும் முடியாது. அடியில் ஈறு அழுகி, கட்டிய பல்லோடு நல்ல பல்லும் சேர்ந்து போகும். பணம் குறைவு என்றால் அரசு பல் மருத்துவக் கல்லூரிக்குப் போங்கள். மாணவர்கள் செய்வார்கள், பேராசிரியர் பக்கத்தில் நின்று பார்ப்பார். நேரம் ஆகும், ஆனால் முறையாக நடக்கும்.

இம்பிளான்ட்

இப்போது எல்லோரும் கேட்பது இது. 'ஸ்குரு பல்' என்கிறார்கள். இது ஒரு தற்செயலில் பிறந்த வைத்தியம். சுவீடன் நாட்டு டாக்டர் பிரோனமார்க் 1952-இல் முயல் எலும்பில் ரத்த ஓட்டத்தைப் பார்க்க டைட்டானியக் குழல் ஒன்றைப் பொருத்தினார். ஆராய்ச்சி முடிந்து கழற்றப் பார்த்தால் வரவில்லை. எலும்பு அதை இறுகப் பிடித்துக்கொண்டிருந்தது. எலும்பு ஏற்றுக்கொள்கிற உலோகம் கிடைத்துவிட்டது என்று புரிந்துகொண்டார். 1965-இல் யோஸ்டா லார்சன் என்பவருக்கு முதன்முதலாகத் தாடையில் பொருத்தினார். லார்சன் 2006-இல் இறக்கும்வரை, 40 ஆண்டுகளுக்கு மேல், அவை உழைத்தன.

வேர் இருந்த இடத்தில் டைட்டானியத் திருகைப் பொருத்தி, மூன்று முதல் ஆறு மாதம் எலும்பு பிடிக்கவிட்டு, அதன்மேல் பல் வைப்பது வழக்கமான முறை. பக்கத்துப் பல்லைத் தொட வேண்டியதில்லை, எலும்பு கரைவதும் குறைகிறது. பத்தாண்டுகளுக்குப் பிறகும் 100-க்கு 90-க்கு மேல் நிலைத்திருப்பதாகப் பல ஆய்வுகள் சொல்கின்றன. பல்லே இல்லாதவர்களுக்கு இன்னொரு வழி, கீழ்த்தாடையில் இரண்டே இரண்டு இம்பிளான்ட் வைத்து, பட்டன் மாதிரி பல்செட்டை அதில் மாட்டிக்கொள்வது. கீழ்ச்செட் ஆடுகிறது என்று தவிப்பவர்களுக்கு இதுவே முதல் தேர்வாக இருக்க வேண்டும் என்று 2002-இல் கனடாவின் மெக்கில் பல்கலைக்கழகத்தில் கூடிய நிபுணர்கள் சொன்னார்கள்.

ஆனால் இதுவும் மாயம் அல்ல. சொத்தை வராது, சரி. ஈறு நோய் மாதிரியே ஒன்று இம்பிளான்டைச் சுற்றியும் வரும், எலும்பைக் கரைக்கும். சொந்தப் பல்லைத் துலக்காமல் இழந்தவர், திருகைத் துலக்காமலும் இழப்பார். சர்க்கரை கட்டுக்குள் இருந்தால் செய்யலாம், மூன்று மாதச் சராசரி காட்டும் ரத்தப் பரிசோதனையைப் பார்த்துவிட்டுத்தான். புகைப்பவர்களுக்குத் தோல்வி அதிகம். எலும்புத் தேய்வுக்கு மாத்திரையோ ஊசியோ எடுப்பவர்கள், தாடையில் கதிர்வீச்சு சிகிச்சை எடுத்தவர்கள் அதை மறைக்காமல் முதலிலேயே சொல்ல வேண்டும். தாடை வளர்ந்து முடியாத பிள்ளைகளுக்கு வைக்கக் கூடாது. வைத்துக்கொண்டவர்கள் எந்தக் கம்பெனி, என்ன அளவு என்று எழுதி வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். பத்து வருடம் கழித்து வேறு ஊரில் மேல்திருகு லூஸானால் அந்தச் சீட்டுதான் உதவும்.

எதைத் தேர்ந்தெடுப்பது?

'எது பெஸ்ட் டாக்டர்?' என்று கேட்கிறீர்கள். விலை அதிகமானது பெஸ்ட் என்று நினைக்காதீர்கள். டாக்டரிடம் நான்கு கேள்வி கேளுங்கள். என் ஈறும் எலும்பும் எப்படி இருக்கிறது? இதனால் பக்கத்துப் பல்லுக்கு என்ன ஆகும்? இது கெட்டுப்போனால் அடுத்து என்ன வழி மிச்சம் இருக்கும்? இதை நான் தினமும் எப்படிச் சுத்தம் செய்வது? பதில் சொல்ல அவருக்கு நேரம் இல்லை என்றால், நீங்களும் அவசரப்பட வேண்டாம். இரண்டு பக்கமும் ஏற்கெனவே கேப் போட்ட பல் இருந்தால் பிரிட்ஜ் நல்லது. இரண்டு பக்கமும் பழுதில்லாத பல், எலும்பும் வசதியும் இருந்தால் இம்பிளான்ட். ஈறு இன்னும் ஆறவில்லை, பல பல் போய்விட்டது, கையில் பணம் குறைவு என்றால் கழற்றி மாட்டும் பல். அதில் வெட்கப்பட ஒன்றுமே இல்லை.

மாணவ மாணவியருக்கு

தம்பி, தங்கைகளே, இது தாத்தாக்கள் சமாச்சாரம் என்று நினைக்காதீர்கள். கபடியிலோ பைக்கிலிருந்து விழுந்தோ முன்பல் வேரோடு கழன்று விழுந்தால், அந்தப் பல்லைத் தேடி எடுங்கள். வேரைத் தொடாமல் மேல்பாகத்தைப் பிடியுங்கள். தேய்க்காதீர்கள். அழுக்கு இருந்தால் லேசாக அலசி, உடனே அதே குழியில் வைத்து அழுத்திக்கொள்ளுங்கள். முடியாவிட்டால் ஆறின பாலில் போட்டு, ஒரு மணி நேரத்துக்குள் பல் டாக்டரிடம் ஓடுங்கள். எவ்வளவு சீக்கிரமோ அவ்வளவு நல்லது. விழுந்த பல்லுக்கு மிகச் சிறந்த மாற்று அந்தப் பல்லேதான். பால் பல்லுக்கு மட்டும் இது கிடையாது.

பல் புதிதாக முளைக்க மருந்து வருகிறதாமே என்று காலையில் ஒரு மாணவி கேட்டாள். 2024-இல் ஜப்பானின் கியோட்டோ பல்கலைக்கழக மருத்துவமனையில் மனிதர்களிடம் முதற்கட்டச் சோதனை தொடங்கியது உண்மைதான். ஆனால் அதை நம்பி இன்றைக்கு பிரஷ்ஷைக் கீழே வைக்க வேண்டாம். அதே ஜப்பான் 1989-இல் '80 வயதில் 20 பல்' என்று ஓர் இயக்கம் தொடங்கியது. 2016 கணக்கெடுப்பில் 80 வயதுக்காரர்களில் பாதிக்குச் சற்று மேலானவர்கள் அந்த இலக்கை எட்டியிருந்தார்கள். மருந்து இல்லாமல், பிரஷ்ஷும் பரிசோதனையும் வைத்துச் சாதித்தது அது. ஈறு நோய் வலிக்காது, பல் துலக்கும்போது ரத்தம் மட்டும் காட்டும். அந்த ரத்தத்தைப் பார்த்ததும் வாருங்கள். பல் ஆடிய பிறகு வராதீர்கள். புகையிலையையும் பாக்குப் பொட்டலத்தையும் தொடாதீர்கள்.

அய்யா 2009-இல் காலமானார். கடைசிவரை அந்தச் செட்டோடுதான் பேசினார், இடையில் ஒரு முறை புதுப்பித்துக் கொடுத்தேன். அவருடைய கீழ்வரிசைப் பற்கள் பெரும்பாலும் கடைசிவரை இருந்தன, ஏனென்றால் இரண்டாம் முறை நாங்கள் இருவரும் ஈறிலிருந்து தொடங்கினோம்.

காலையில் வாயை மூடிச் சிரித்த மூன்று நண்பர்களுக்கும் ஒரு வேண்டுகோள். என்னிடம்தான் வர வேண்டும் என்று இல்லை, உங்கள் ஊரில் உள்ள டாக்டரிடம் இந்த மாதமே போங்கள். அடுத்த சந்திப்பில் போட்டோகிராபர் "சிரிங்க சார்" என்று சொல்வதற்கு முன்பே நீங்கள் சிரித்திருக்க வேண்டும்.

சாப்பாடு தயார் என்கிறார்கள். நன்றாக மென்று சாப்பிடுங்கள்.